உறையில் பேரில்லாத பாட்டு

தலைமை இருக்கையை நிறைத்து வீற்றிருக்கும் போதகர் ப்ரூவிட் அவர்களே! முன்வரிசையில் வெள்ளைத் தொப்பிகள் வெண்புறாக் கூட்டமாய் விளங்க அமர்ந்திருக்கும் எங்கள் சபைத் தாய்மார்களே! கிழக்கு ஓக்லாந்தின் வீதிகளிலே விழுந்து, விழுந்த இடத்திலேயே எழுந்து நின்ற பெரியோர்களே! அடுக்களையில் கெளுத்தி மீனைப் பொரித்தபடி காதை மட்டும் இங்கே அனுப்பியிருக்கும் சகோதரிகளே! சுவரில் சாய்ந்து, இந்தக் கிழவன் எப்போது இறங்குவான் என்று காத்திருக்கும் இளங்காளைகளே! இசைத்தட்டுக் கடைக்காரன் வெர்னல் டூபோஸ் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

'எண்பத்தெட்டாம் தெரு' என்ற திரைப்படம் வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. நம் தெருவின் கதை. நம் பிள்ளைகள் நடித்த கதை. படம் வந்த வேகத்தில் ஓடி மறைந்தது. ஆனால் அதன் பாட்டுத் தொகுப்பு மறைந்ததா? மறையவில்லை! கார் காராய்ப் போனது, வீடு வீடாய் வாழ்ந்தது, இன்று புதுப் பதிப்பாகவும் வருகிறது. அதன் நிறையும் குறையும் பேசு என்று போதகர் பணித்தார். பேச வந்திருக்கிறேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்ன அம்மா எர்லீன்? "கெட்ட வார்த்தையை முதல்ல சொல்லு" என்கிறீர்களா? அம்மா, அந்தப் பாட்டுகளிலே வசவு உண்டு, வம்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் காரை எவனோ இடித்துவிட்டுப் போன அன்று, இதே ஆலயத்து வாசலில் நீங்கள் சொன்னதை நானும் கேட்டேன். (சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள், அம்மா என்னைப் பார்க்கிறார்.)

உண்மையான குறை வேறு. படம் நம் தெருவைப் பற்றியது. பாட்டுகளில் பாதிக்கு நம் தெரு எந்தத் திசை என்றே தெரியாது. வெளியூர் நட்சத்திரங்களின் மிச்சம் மீதியை எல்லாம் இசைக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து திணித்தார்கள். நடுவிலே ஒரு காதல் பாட்டு. தேனில் ஊறிய தேன்குழல், சாப்பிட்டால் பல்வலி! பாட்டுக்குப் பாட்டு இடையில் துப்பாக்கிச் சத்தம், கார்க் கதவு சத்தம், எவனோ படத்திலிருந்து பேசும் நாலு வரி. கேட்கிறவன் தாளத்தில் தலையாட்டத் தொடங்கும்போது கதவைச் சாத்துகிறார்கள்!

நிறை? அந்த முதல் பாட்டின் அடித்தாளம்! கார் டிக்கியில் ஒலிபெருக்கி வைத்தவன் அந்தப் பாட்டோடு தெருவில் திரும்பினால், வீட்டுக்குள் அலமாரித் தட்டுகள் ஆடும். அவசரமில்லாத தாளம், அலட்டாத தாளம், நம் ஊர் நடக்கிற நடையிலேயே நடக்கிற தாளம். அதற்காக மட்டுமே அந்தத் தட்டை இரண்டாம் முறை வாங்கியவர்களை நான் அறிவேன்.

ஆனால் அன்பர்களே, இந்தத் தொகுப்பின் பெரும் நிறை எது? உறையிலே அச்சிடாத பாட்டு. பட்டியலிலே இடம் பெறாத பாட்டு. பாடியவளுக்கே தெரியாமல் பாடிக்கொண்டிருந்த பாட்டு!

அவள் பெயர் ரெனிட்டா ஸ்டோவால். நகரப் பேருந்து ஓட்டியவள். உங்களில் பலரை வேலைக்கும், பள்ளிக்கும், மருத்துவமனைக்கும் ஏற்றிச் சென்றவள். பணிமனையில் ஓய்வு நேரத்தில் மேசையைத் தட்டி ராப் என்னும் சொல்லிசை சொல்வாள். மற்ற ஓட்டுநர்கள் காப்பியை ஆறவிட்டுக் கேட்பார்கள். அவளுக்கு ஒரே தம்பி, கெல்வின். ஒரு மாலை, கடைக்குப் போய்வருகிறேன் என்று போனவன் வரவில்லை. எங்கும் இல்லை. சவக்கிடங்கிலும் இல்லை, சிறையிலும் இல்லை. புதைத்தவர்களுக்கு ஒரு கல்லாவது மிஞ்சும். அவளுக்கு அதுவும் இல்லை.

அந்தப் படத்தின் இயக்குநர் அவள் சொல்லிசையைப் பணிமனையில் கேட்டார். படத்தின் முடிவுக்கு ஒரு பாட்டுக் கேட்டார். படத்திலே ஒரு தாய் மகனுக்காகக் காத்திருப்பாள், அவன் வரமாட்டான். ரெனிட்டா எழுதினாள். பதினாறு ஆண்குரல்கள் முழங்கிய அந்தத் தொகுப்பில் ஒற்றைப் பெண்குரல். சீருடையோடு வந்து, ஒலிப்பதிவாளன் ட்வைட் ஒருவன் மட்டும் கண்ணாடிக்கு அப்பால் இருக்க, ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

இரவுச் சோறு மூடி வச்சிருக்கேன்,
ஆறிப்போச்சு, ஆனாலும் எடுக்கல,
வந்து திட்டுடா, சூடு இல்லன்னு,
திட்டவாவது வாடா!

(ஆம், அம்மா, ஆமென்.)

அப்புறம்தான் வந்தது வினை. முடிவு சோகமாக இருக்கிறது, மக்கள் விரும்பவில்லை என்று படத்தையே மாற்றிவிட்டார்கள். மகன் வந்துவிடுகிறான்! தாய் கட்டிக்கொள்கிறாள்! கம்பெனி ஆள் ரெனிட்டாவை அழைத்தார்.

"கடைசி வரியை மட்டும் மாத்திக் குடும்மா. 'வந்துட்டான்'னு முடி. போதும்."

"வரலையே, சார்."

"படத்துல வந்துட்டான்."

"என் வீட்டுக்கு வரல. வந்துட்டான்னு பாட எனக்கு வாய் வராது."

"இவ்வளவு பெரிய வாய்ப்பு, ஒரு வார்த்தைக்காகவா?"

"அந்த ஒரு வார்த்தைதான் சார் என்கிட்ட பொய்யில்லாம இருக்கு."

பாட்டு தள்ளப்பட்டது. அவள் மறுநாள் பேருந்துக்குத் திரும்பினாள். தொகுப்பு வெளியானபோது அவள் வாங்கவில்லை. தன்னை வெளியே நிறுத்திய வீட்டின் ஜன்னலில் யார் போய் எட்டிப்பார்ப்பார்கள்? தெருவெல்லாம் அந்தத் தட்டு பாடியது; அவள் பேருந்தின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். வீட்டிலே தனியாள். பேருந்திலே நாற்பது பேர் நடுவிலும் தனியாள்.

சில ஆண்டுகள் கழிந்தன. ஒரு பிற்பகல், அவள் பேருந்தில் ஹாலிஸ் காண்ட் என்ற முதியவர் ஏறினார். தபால் துறையில் ஓய்வு பெற்றவர், மனைவியை அடக்கம் செய்து அதிக நாள் ஆகவில்லை. முன்னிருக்கையில் உட்கார்ந்து, தனக்குத்தானே முணுமுணுத்தார்:

"வந்து திட்டுடா, சூடு இல்லன்னு..."

பேருந்து ஓரமாய் நின்றது! பின்னால் ஒரே கூச்சல். "என்ன தங்கச்சி, டயர் போச்சா?" "எனக்கு வேலைக்கு நேரமாச்சுடி ரெனிட்டா!" அவள் எதையும் கேட்கவில்லை. எழுந்து வந்து அந்த முதியவர் முன்னே நின்றாள்.

"ஐயா, இதை எங்க கேட்டீங்க?"

"என் மகன் விட்டுட்டுப் போன சிடி, கண்ணு. அந்த எண்பத்தெட்டாம் தெரு."

"அதுல இந்தப் பாட்டு இல்லை."

"இருக்கே. எல்லாம் முடிஞ்ச பிறகு இருக்கு. ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்காது. அணைக்காம விட்டா வரும்."

"நீங்க ஏன் அணைக்கல?"

அவர் சொன்னாராம்: "அணைச்சா வீடு அமைதியாயிடும்மா. பாட்டுப் பெட்டியில ஒரு சின்ன விளக்கு எரியும், தட்டு சுத்துற சத்தம் லேசா கேக்கும். அதுவும் போயிட்டா நான் மட்டும்தானே? அப்படி உட்கார்ந்திருந்தப்ப ஒரு பொண்ணு பேச ஆரம்பிச்சா. என் வீட்டுக்குள்ள யாரோ வந்துட்டாங்கன்னு நினைச்சேன்."

அவள் வேலை நேரம் முடிந்ததும் இருவரும் நேரே என் கடைக்கு வந்தார்கள். நான் தட்டைப் போட்டேன். கடைசிப் பாட்டும் முடிந்தது. அமைதி. வாடிக்கையாளர்கள் வெளியேறினார்கள். அமைதி. நான் வாயைத் திறந்தேன். ஹாலிஸ் கையை உயர்த்தினார். மூவரும் உட்கார்ந்திருந்தோம். இத்தனை ஆண்டு இசை விற்ற நான், அத்தனை நீண்ட அமைதி ஒரு தட்டுக்குள் இருப்பதை அன்றுதான் அறிந்தேன். பிறகு அவள் குரல் வந்தது. மாற்றாத வரியோடு வந்தது. ரெனிட்டா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யார் செய்த வேலை? ட்வைட்! அவன் அதற்குள் சிகாகோ போயிருந்தான். தொலைபேசியில் பிடித்தாள். அவன் சொன்னது இதுதான்: "பேரைப் போட என்னால முடியல, ரெனிட்டா. தெரிஞ்சா வேலை போயிடும். கடைசிப் பாட்டுக்கு அப்புறம், யாரும் தேடாத இடத்துல, குரலை மட்டும்தான் உள்ள விட முடிஞ்சுது. உன்கிட்ட சொல்லவும் தைரியமில்லை."

அன்பர்களே! யார் கேட்டார்கள் அந்தப் பாட்டை? விருந்து வீட்டில் கேட்டார்களா? அங்கே அடுத்த தட்டை மாற்றிவிடுவார்கள். காரில் கேட்டார்களா? கார் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். எழுந்து போய் அணைக்க மனமில்லாதவர் கேட்டார். போக இடமில்லாதவர் கேட்டார். அருகில் ஆளில்லாதவர் கேட்டார்! ஹாலிஸைப் போல எத்தனை பேர்! என் கடைக்கு வந்து, அக்கம்பக்கம் பார்த்து, தாழ்ந்த குரலில், "கடைசியில ஒரு பொண்ணு பாடுதே, யாரு அது?" என்று கேட்டார்கள். ஒருவர் கேட்டது இன்னொருவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தார். நான் பெயரைச் சொல்லி அனுப்பினேன்.

அந்தப் பெயர்தான் இன்று இந்த ஊரைத் தாண்டியிருக்கிறது. புதுப் பதிப்பு போட வந்த கம்பெனிக்காரர்கள் ரெனிட்டாவைத் தேடி வந்தார்கள். "உங்க பாட்டை முதல் பாட்டா வைக்கிறோம். அந்த வெத்து அமைதியை வெட்டிடுறோம். அது குறைதானே?" என்றார்கள்.

அவள் சொன்ன பதிலைச் சொல்லத்தான் நான் இந்த மேடை ஏறினேன்.

"என் பேரைப் போடுங்க. அது என் உரிமை. ஆனா பாட்டு அங்கயே இருக்கட்டும். அமைதியில கை வைக்காதீங்க. அதுக்குள்ள யாராவது உட்கார்ந்திருப்பாங்க."

கேட்டீர்களா? நம்மில் எத்தனை பேர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறோம்! ஞாயிறு தோறும் தோளோடு தோள் உரசிப் பாடுகிறோம். திங்களன்று யார் கதவை யார் தட்டுகிறோம்? சொல்லுங்கள் தாய்மார்களே! சொல்லுங்கள் தம்பிமார்களே! ரெனிட்டாவின் கதவை நான் தட்டி எத்தனை நாள் ஆகிறது என்று கேட்காதீர்கள். நாளை காலை போகிறேன், யாராவது கூட வாருங்கள்.

ரெனிட்டா இன்று வரவில்லை. அழைத்தேன். "கூட்டத்துல உட்கார்ந்து அதைக் கேக்க என்னால முடியாது, வெர்னல். கை தட்டிடுவாங்க" என்றாள். ஹாலிஸ் மறைந்துவிட்டார். கெல்வின் இன்னும் வரவில்லை. பாட்டு பழைய இடத்திலேயே, அதே அமைதிக்குப் பின்னால் இருக்கிறது; புதிய உறையின் கடைசி வரியில் அவள் பெயர் வந்திருக்கிறது: ரெனிட்டா ஸ்டோவால். பேருந்து ஓட்டுநர்.

ஆகவே அந்தப் பாட்டை இங்கே நான் போடப்போவதில்லை. என்ன தம்பி, ஏமாற்றமா? இருக்கட்டும். பொறுமையாய்ச் செவி கொடுத்த சபைக்கும், பேச இடம் கொடுத்த போதகருக்கும், மீன் கருகாமல் பார்த்துக்கொண்ட சகோதரிகளுக்கும் என் நன்றி. சாப்பிடுங்கள், சிரியுங்கள், வீடு போய்ச் சேருங்கள். தட்டைப் போடுங்கள். முடிந்த பிறகும் எழுந்துவிடாதீர்கள். வணக்கம்.