நீங்க செத்தா எவ்வளவு வரும்?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு இருபதுக்கு, ஊத்தங்கரையிலிருந்து ஓசூர் போகும் பேருந்து சூளகிரியைத் தாண்டியது. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் நீலக் கம்பெனிச் சட்டை போட்டிருந்தார். ஆளுக்கொரு குழந்தை மடியில் தூங்கியது.

"ஏங்க, நீங்க செத்தா எனக்கு எவ்வளவு வரும்?"

நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசு. அவன் விக்கற பாலிசில மூணு லட்சத்து அறுபதாயிரம்னு உன் தம்பிதான் சொன்னானே. உயிரோட இருந்தா ஷேர்ல ஏறி நல்லா வருமாம்."

"மாசம் மூவாயிரம் கட்டி இவ்வளவுதானா? தினம் ஹைவேல பைக்குல ஜூஜுவாடி கம்பெனிக்குப் போறீங்க. அந்தக் காச வச்சு ரெண்டு புள்ளையோட எத்தனை நாளு ஓட்டறது?"

"டெர்ம் இன்சூரன்ஸ் எடுத்தா, சாகலைன்னா ஒண்ணும் வராது. தண்டம்."

"அதுக்கு மாசம் ஐந்நூறு சொச்சம்தான். இருபத்தஞ்சு லட்சம் வரும். மிச்சத்தைத் தனியா மியூச்சுவல் ஃபண்டுல போடலாம். பதினோரு மாசத்துக்கு ஒருக்கா காண்ட்ராக்டர் உங்கள ஒரு மாசம் நிறுத்தி வச்சுத்தானே திரும்ப எடுக்கறான்? சம்பளம் இல்லாத அந்த மாசம் ஃபண்டுல போடாம விட்டுக்கலாம். தம்பி சொல்ற பாலிசிக்கு அப்ப யாரு கட்டறது?"

அவர் மடியில் சரிந்த குழந்தையை நிமிர்த்திக்கொண்டார்.

"அந்த மாசத்தப் பத்தி அவன் கேக்கவே இல்ல. மத்தியானம் கையெழுத்து வாங்க வர்றான். மச்சான்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

மனைவி போனை எடுத்துத் தம்பியை அழைத்தார்.

"டேய், டெர்ம் பாரம் இருந்தா எடுத்துட்டு வா. இல்லைன்னா சும்மா சாப்பிட்டுட்டுப் போ. கோழி எடுக்கறோம்."

"வருவானா?"

"கோழின்னா பாரத்தோடயே வருவான்."