நிலாவில் கால் வைத்தவர் யார்

…இல்லண்ணே, ஒம்பது இல்ல, எட்டு. நல்லாப் பாருங்க. காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கேன்ல, அதான் கொஞ்சம் வீங்கியிருக்கு. வீக்கத்தையும் சேத்து அளந்தா எப்படி? பத்தொம்பது வருஷமா நிலாவைப் பாத்துக்கற மனுஷனை உக்கார வெச்சு ஷூவைக் கழட்டுங்கறாங்க… கழட்டியாச்சு, இந்தாங்க. சாக்ஸ்ல ஓட்டை இருக்கு, கண்டுக்காதீங்க.

உங்க மேல கோவம் இல்லண்ணே. நீங்க எதுத்தாப்புல செருப்பு தைக்கிறவரு. உள்ள கூப்புட்டு அளவெடுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? ஆனா எதுக்குன்னு சொன்னாங்களா? சொல்லலையா? அதானே. எங்க டைரக்டர் யாருக்கும் எதையும் முழுசா சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன், நீங்க பாட்டுக்கு அளங்க.

அந்தக் கயித்துக்கு அந்தப் பக்கம் பாருங்க. அதான் எங்க நிலா. இருபதுக்கு இருபது அடி. சிமெண்டு, சாம்பல், முகத்துக்குப் போடற பவுடரு, எல்லாத்தையும் சலிச்சுக் கலந்து கொட்டினது. இந்த மியூசியத்துலயே கூட்டம் வர்ற ஒரே ரூம் இதுதான். நடுவுல வரிவரியா ஏழு காலடித் தடம் தெரியுதா? அங்க போனவங்க வெச்ச மாதிரியே அச்சு எடுத்துப் பதிச்சது. அதுக்குப் பக்கத்துல எட்டாவதா ஒண்ணு, நெளிநெளியா… அதான் வெனை. அது அவங்களோடது இல்ல, இங்க இருக்கற யாரோடதோ. ஒரே ஒரு காலு. வந்த தடமும் இல்ல, போன தடமும் இல்ல. ஒத்தக் காலோட ஒருத்தன் வானத்துலேருந்து எறங்கிட்டு அப்படியே மேல போயிட்டான் போல.

பத்து நாளா இதே பேச்சு. டைரக்டர் வாசல்ல ஒரு நோட்டீஸ் ஒட்டுனாரு. "நிலாவில் கால் வைத்தவர் யார் என்பது தெரிந்தால் உடனே அலுவலகத்தில் தெரிவிக்கவும்." ஏன்யா, மியூசியம் வாசல்ல இப்படி எழுதி ஒட்டுனா பாக்க வர்றவன் என்ன நெனைப்பான்? போட்டின்னு நெனைச்சுட்டான். சாயங்காலத்துக்குள்ள நாப்பத்தோரு பேரு ஆபீசுக்குப் போயி ஒரே பேரைச் சொல்லியிருக்காங்க. ஒருத்தரு ரெண்டாவதா எறங்குனவரு பேரையும் சேத்துச் சொல்லிட்டுப் பரிசு எப்பன்னு கேட்டாராம். கிளார்க்கு அத்தனையையும் ஒழுங்கா எழுதி உள்ள அனுப்பியிருக்காரு. டைரக்டர் அதைப் பாத்துட்டு, "நாப்பத்தோரு சாட்சி இருக்கு, இந்த ஆளு எந்த செக்‌ஷன்?"னு கேட்டாராம். கிளார்க்கு சொல்றதுல பாதியைக் கழிச்சுக்கணும்… இருந்தாலும் கேட்டிருப்பாரு.

இதுல மாட்டுனது யாரு? சுத்தம்மா. கூட்டித் தொடைக்கறவங்க, அதனால எல்லாரும் அப்படித்தான் கூப்புடுவோம். அவங்க தொடப்பத்துல அந்த சாம்பல் பவுடர் ஒட்டியிருந்துச்சாம். அது போதுமாம். அவங்க காலு நாலாம் நம்பருண்ணே, அந்தத் தடத்துக்குள்ள அவங்க ரெண்டு காலும் போவும். அதைச் சொன்னா, "வேற யார் ஷூவையாச்சும் போட்டுக்கிட்டு மிதிச்சிருக்கலாம்"ங்கறாரு. எதுக்கு மிதிக்கணும்? விசாரணை முடியற வரைக்கும் வர வேணாம்னு வீட்டுக்கு அனுப்பிட்டாரு. இன்னிக்குத்தான் கடைசி நாளு. சாயங்காலத்துக்குள்ள யார் ஷூவும் பொருந்தலன்னா அவங்க சீட்டைக் கிழிச்சுருவாங்க.

ம்? அந்தக் காலையும் காட்டணுமா? காட்டறேன், காட்டறேன்… என்ன அவசரம்? தடம் ஓடியா போவப் போவுது? அங்க காத்தும் இல்ல, மழையும் இல்ல, வெச்ச காலு பல லட்சம் வருஷத்துக்கு அப்படியே இருக்கும்னு தெனம் எட்டு தடவை சொல்றேன் நான். இப்ப அந்த வரி வந்தா வேகமாத் தாண்டிப் போயிடறேன்.

இந்த நிலா எப்படி வந்துச்சு தெரியுமா உங்களுக்கு? நானூத்தம்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி, பூமி அப்பத்தான் உருண்டு தெரண்டு நிக்குது. செவ்வாய் அளவுக்கு ஒண்ணு வந்து டமார்னு மோதிருச்சு. தெறிச்சதெல்லாம் பூமியைச் சுத்திச் சுத்தி வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, அதான் நிலா. இதைத்தான் இப்ப நெறையப் பேரு ஒத்துக்கறாங்க. முன்னாடி வேற கதையெல்லாம் இருந்துச்சு. பூமி வேகமாச் சுத்துனதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டுப் போச்சுன்னாங்க. ரெண்டும் கூடப்பொறந்ததுன்னாங்க. வேற எங்கயோ போய்க்கிட்டிருந்ததைப் பூமி இழுத்து வெச்சுக்கிச்சுன்னாங்க. எனக்கு அதுதான் புடிக்கும். எங்க மச்சான் அப்படித்தான் வந்தாரு. எங்கயோ போற வழியில ரெண்டு நாளுன்னு எறங்குனாரு, பதினோரு வருஷம் ஆச்சு. என்ன, நிலா வருஷத்துக்கு ஒன்றரை அங்குலம் தள்ளித் தள்ளிப் போவுது. இவரு அதுவும் இல்ல.

வீட்டுக்காரிகிட்ட நாலு கதையையும் சொல்லி, எது சரியா இருக்கும்னு ஒரு நாள் கேட்டேன். எப்படி வந்தா என்ன, அதைத் தொடைக்கறது யாருன்னு கேட்டா. நான் சுத்தம்மான்னேன். அப்ப அவங்களைக் கேளுங்கன்னுட்டா.

சரி, மோதித்தான் வந்துச்சுன்னு எப்படிக் கண்டுபுடிச்சாங்க? போய்ப் பாத்துத்தான். மொதல்ல ஆளில்லாம ஒண்ணை அனுப்புனாங்க, அது நிலாவைத் தாண்டி எங்கயோ போயிருச்சு. அடுத்தது நேராப் போயி மோதித் தூள் தூளாயிருச்சு. மோதுனதுக்கே கைதட்டுனாங்கண்ணே! அங்க போயி விழுந்தா சாதனை, இங்க விழுந்தா விசாரணை… விழுந்தான்னு சும்மா பேச்சுக்குச் சொல்றேன். அப்புறம் பொறுமையா எறங்கக் கத்துக்கிட்டாங்க. ஆளுங்க போனாங்க, ஆறு தடவையில பன்னெண்டு பேரு நடந்தாங்க. முந்நூத்தி எம்பத்திரெண்டு கிலோ கல்லும் மண்ணும் அள்ளிட்டு வந்தாங்க. அந்தக் கல்லை ஆராஞ்சு பாத்தா நம்ம பூமிக் கல்லு மாதிரியே பல விஷயம் இருக்கு. அப்பத்தான் மோதுன கதை பலப்பட்டுச்சு. இப்பவும் ஓயல, மெஷினு அனுப்பறாங்க, தென்துருவத்துப் பக்கம் ஐஸ் இருக்குங்கறாங்க, மறுபடி ஆளு போவப் போவுதுங்கறாங்க. யார் வேணா போலாம். பக்கத்துலயே நின்னு பாத்துக்கறவன் மட்டும் போவக்கூடாது.

அந்தக் கல்லு அங்க எவ்ளோ எடை இருந்திருக்கும்? அறுபத்து நாலு கிலோகூட வராது. எல்லாமே அங்க ஆறுல ஒரு பங்குதான். அந்த மூலையில எடை மிஷினு இருக்கு பாருங்க, அது நிலாவுல உங்க எடையைக் காட்டும். எனக்குப் பதினாறு. டாக்டரு எடையைக் கொறைன்னாரு, நான் பதினாறுன்னேன். பேப்பரைக் கீழ வெச்சுட்டு, அவரோட மிஷினைக் காட்டி ஏறுன்னாரு. தெனம் காலையில அதுல ஏறி நிப்பேண்ணே. பதினாறுன்னு பாத்தா மனசே லேசாயிரும். மிஷினுக்கு மேல போர்டு: "நிலாவில் நீங்கள் ஆறு மடங்கு உயரம் குதிக்கலாம்." பத்தொம்பது வருஷமா அதைப் படிச்சுக் காட்டிக்கிட்டிருக்கேன்.

பதினோரு நாளைக்கு முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க, பெரிய பையைத் தூக்கிக்கிட்டு. எல்லாத்தையும் கேட்டாங்க, மோதுனது, கல்லு, பன்னெண்டு பேரு, எல்லாம். கடைசியில, இவ்வளவு சொல்றீங்களே, நீங்க ஒரு தடவையாச்சும் உள்ள போயிருக்கீங்களான்னாங்க. கயிறு இருக்கேம்மான்னேன். அவங்க கயித்தைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, முட்டி உசரம்தானே இருக்குன்னாங்க. சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல.

அந்தப் பள்ளத்தைப் பாத்தீங்களா, தடத்துக்குப் பின்னாடி? ரெண்டடி அகலம் இருக்கும். பக்கத்துலயே போர்டு வெச்சிருக்காங்க, படிங்க. "சிறு மோதல் பள்ளம். விண்கல் விழுந்ததால் உண்டானது." அங்கேருந்து சுவரு வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு போவுதே, அதுக்கும் போர்டு: "வறண்ட பள்ளத்தாக்கு." ரெண்டும் மேப்புல கெடையாது. டைரக்டரு பாத்துட்டு, இத்தனை நாளா இதை யாரும் கவனிக்கலையேன்னு எங்களைத் திட்டிட்டு, அன்னிக்கே போர்டு அடிக்கச் சொன்னாரு. போன வாரம் வந்த ஒரு புரொபசரு அந்தப் பள்ளத்துக்கிட்ட அரை மணி நேரம் நின்னாரு. இவ்வளவு தத்ரூபமா எங்கயும் பாத்ததில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. முன்னாடி இருக்கற தடத்துக்கு விசாரணை, பின்னாடி இருக்கற பள்ளத்துக்குப் பாராட்டு. ரெண்டும் ஒரே… ஒரே ரூம்ல.

என்னண்ணே அப்படிப் பாக்கறீங்க? ஷூவைத் திருப்பித் திருப்பிப் பாத்தா என்ன வரும்? நெளிநெளியா ஊருல ஆயிரம் ஷூ இருக்கு. குதிகால் சந்துல சாம்பலா… அது தெருப் புழுதியா இருக்கலாம்ல? இல்லையா?

சரி, விடுங்க. உங்ககிட்ட மறைச்சு என்ன பண்ணப் போறேன்.

அந்தப் பை அம்மா வந்துட்டுப் போன மறுநாள் காலையில, எட்டே முக்கால் இருக்கும். யாரும் வரல. ஸ்டூலைப் போட்டு ஏறுனேன். பதினாறு கிலோ பதினாறு கிலோன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே கயித்தைத் தாண்டிக் குதிச்சேன். தொண்ணூத்தாறு கிலோவா எறங்குனேன். ஒரு காலுதான் ஊணுச்சு, மறு நிமிஷம் பொத்துன்னு உக்காந்துட்டேன். எந்திரிக்க முடியல. அப்படியே உருண்டு உருண்டு சுவரு வரைக்கும் வந்தேன். புரிஞ்சுதா, எது பள்ளம், எது பள்ளத்தாக்குன்னு? அழிச்சுரலாம்னு மூலையில இருந்த தொடப்பத்தை எடுத்தேன், சுத்தம்மாவோடது. ரெண்டு இழுப்புக்கூட இழுக்கல, டைரக்டர் செருப்புச் சத்தம். இருந்த எடத்துலயே வெச்சுட்டேன். அதுதான்… அதுதான் நான் பண்ணுன பாவம். குதிச்சது இல்ல.

சுத்தம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது நான் இங்கதான் நின்னேன். வாயைத் தொறக்கல. பையை எடுத்துக்கிட்டு எல்லாரையும் தாண்டி வந்தாங்க. எங்கிட்ட மட்டும் நின்னாங்க. "இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்கண்ணா"ன்னாங்க. அவ்வளவுதான். போயிட்டாங்க.

இடுப்பு வலின்னு நான் யாருகிட்டயும் சொல்லலண்ணே. வீட்டுலகூட வாய்வுன்னுதான் சொல்லியிருக்கேன்.

வேணாம், ஷூ உங்க கையிலயே இருக்கட்டும், டைரக்டர் ரூமுக்குக் கொண்டுவாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நான் சொல்றேன். மொதல்ல சுத்தம்மாவை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லி அனுப்புங்கன்னு கேப்பேன், அப்புறம் காலைக் காட்டுவேன். கொஞ்சம் கையைக் குடுங்கண்ணே, எந்திரிக்கத்தான் செரமமா இருக்கு.