யப்பான் அண்ணையின் மணிக்கயிறு

தேவராஜா அண்ணையின் பேரன்புக்குரிய துணைவி நேசமலர் அக்கா அவர்களே, அண்ணையின் பிள்ளைகளே, மருமக்களே, மேடையில் என்னருகே அமர்ந்திருக்கும் எமது தலைமை ஆசிரியை கமலாதேவி ரீச்சர் அவர்களே, ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்தும் டோஸ்ட்ருப்பில் இருந்தும் ரயிலேறி வந்திருக்கும் நண்பர்களே, ஹோர்சன்ஸ் வாழ் எம் உறவுகளே! தமிழ்ப் பாடசாலையின் தலைவர் என்ற முறையில் நித்தியானந்தனாகிய நான் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

ஒன்றைக் கவனித்தீர்களா? கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிட்டது. தமிழர் கூட்டம்! உயிரோடு இருந்தபோது பொறியியலாளர் தேவராஜா அவர்கள் எவ்வளவு சொல்லியும் நடக்காத காரியம், அவர் போன பிறகு நடந்திருக்கிறது. அவர் இங்கே இருந்தால் சிரித்திருப்பார். ஆகவே நாமும் கொஞ்சம் சிரிக்கலாம். நிறைவாக வாழ்ந்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு, மனைவியின் கையைப் பிடித்தபடி போன மனிதருக்காக நாம் மூக்கைச் சிந்திக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

கூட்டத்தின் முடிவில் இந்த மண்டபத்தின் மணியைப் பற்றி நான் ஓர் அறிவித்தல் செய்ய வேண்டியிருக்கிறது. அதோ, வாசலுக்கு மேலே தொங்கும் சின்னக் கப்பல் மணி. அதிலிருந்து மேடை வரைக்கும் சுவரோரமாக ஓடும் நீலக் கயிறு. புதிதாக வந்தவர்கள் அது உடுப்புக் காயப்போடும் கொடி என்று நினைத்திருப்பீர்கள். அது என்ன, ஏன் அங்கே தொங்குகிறது என்று சொன்னால்தான் தேவராஜா அண்ணையைச் சொன்னதாகும்.

இந்த ஊரில் அவருக்குப் பெயர் யப்பான் அண்ணை. ஏன் அந்தப் பெயர்? எழுபதுகளில், இளம் பொறியியலாளராக இருந்தபோது, அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று யப்பானில் நாகோயாவுக்கு அருகே ஒரு பம்புத் தொழிற்சாலையில் பயிற்சிக்குப் போனவர் அவர். திரும்பி வந்து, பிறகு நாட்டை விட்டு ஓடி, எண்பதுகளில் டென்மார்க்கில் கரை ஒதுங்கி, இந்த ஹோர்சன்ஸிலேயே தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆனால் யப்பான் அவரை விடவில்லை. கலியாண வீட்டில் சந்தித்தாலும் யப்பான். பஸ் தரிப்பிடத்தில் சந்தித்தாலும் யப்பான். நான் அவரைக் கண்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவால் போன நாட்களும் உண்டு.

தொழிற்சாலையில் வேலை நடக்கும் வரிசைக்கு மேலே ஒரு கயிறு தொங்குமாம். பிழை ஒன்றைக் கண்டால் கடைசித் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்தால் முழு வரிசையும் நின்றுவிடும். போன புதிதில் அண்ணை இழுத்துவிட்டார். பம்பில் ஒரு ரப்பர் வளையம் இல்லை என்று கண்டாராம். எல்லா இயந்திரமும் நின்றுவிட்டது. ஆனால் அந்த வளையம் அடுத்த இடத்தில்தான் பூட்டப்படுவது! மேற்பார்வையாளர் நடந்து வந்தார், தலை குனிந்தார், முதலில் நன்றி சொன்னார். பிறகுதான் என்ன கண்டாய் என்று கேட்டார். அடுத்த நாள் காலையில் அந்த இடத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது, இனி வரும் புதியவர் எவரும் அப்படிக் குழம்பக் கூடாது என்று.

அந்த மேற்பார்வையாளர் உலகப் போரில் தோற்றுத் திரும்பிய சிப்பாய். வீட்டுக்கு வந்தபோது ஊர் சாம்பலாகக் கிடந்ததாம். தாய் தன் பட்டு உடைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கிராமத்தில் கொடுத்து அரிசியும் வற்றாளங்கிழங்கும் வாங்கி வந்தாவாம். மூங்கில் குருத்தை உரிப்பதுபோல் உடுப்பை உரித்து உரித்துச் சாப்பிட்டோம் என்று அக்காலத்தவர்கள் சொல்வார்களாம். தலைநகரில் பாராளுமன்றத்துக்கு முன்னால் இருந்த நிலத்தைக் கொத்தி மரக்கறி நட்டார்களாம். அப்படிக் கிடந்த நாடு எப்படி எழுந்தது?

உழைத்தது, எழுந்தது என்று நாம் ஒரு வரியில் சொல்லி முடிப்போம். அண்ணை விடமாட்டார். குத்தகைக்கு உழுதவனுக்கு நிலம் கிடைத்தது, அதைச் சொல்லு என்பார். பெண்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள், தொழிலாளர்கள் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள், அதையும் சொல்லு என்பார். அவர்களுடைய பொருள் மலிவுச் சாமான் என்று உலகம் சிரித்த காலம் இருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கோபிக்காமல், தங்களை வென்றவனிடமே போய்த் தரம் பார்க்கும் கணக்கைப் படித்தார்கள். அதையும் சொல்லு என்பார். பக்கத்து நாட்டில் நடந்த போருக்குச் சாமான் செய்து கொடுத்துத்தான் ஆலைகள் மூச்சு வாங்கின, அடுத்தவன் வீட்டு நெருப்பில் குளிர்காய்ந்த கதை அது, அதை மறைக்காதே என்பார். பெரிய கம்பனியில் ஆயுள்வரை வேலை, சின்னப் பட்டறையில் நாளைக்கு வேலை உண்டோ தெரியாது, பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். ஒரு கடற்கரை ஊரில் ஆலைக் கழிவு மீனில் ஏறி, மீன் தின்ற சனத்தை முடமாக்கியது. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதை வரும்போது மட்டும் அண்ணையின் குரல் தாழ்ந்துவிடும்.

“அந்தக் கடற்கரையிலை கயிறு இருக்கேல்லை,” என்பார். “கயிறு இருந்த இடம் உருப்பட்டுது. இல்லாத இடம் அழிஞ்சுது. ஒரே நாடுதான்.”

சரி, யப்பான் கதை ஹோர்சன்ஸுக்கு எப்படி வந்தது?

இரண்டாயிரத்து ஒன்பதில், ஊரில் போர் முடிந்தபோது, எமக்கு நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. இங்கே இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது தெரியும். அதன் பிறகு நாம் என்ன செய்தோம்? யாரால் தோற்றோம் என்று கேட்டோம். கேட்டுக் கேட்டு நட்பை முறித்தோம், கலியாணத்துக்குப் போகாமல் விட்டோம், கடைசியில் பிள்ளைகளின் பாடசாலையையே இரண்டாகப் பிளந்தோம். சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. சனிக்கிழமைக்கு நான் தலைவர். ஞாயிற்றுக்கிழமைக்குக் கமலாதேவி ரீச்சர். அகரம் ஒன்றுதான், அதை இரண்டு நாள் படிப்பித்தோம்!

பிறகு வந்தது அந்தப் பொங்கல் விழா. விளையாட்டு மண்டபத்தைத் தமிழருக்கு ஒரு நாள்தான் தந்தார்கள். வேறு வழியில்லாமல் இரு பகுதியும் சேர்ந்தோம். பொங்கல் பானை யாருடையது? எங்கள் பானை முதலில் பொங்க வேண்டும் என்று நாங்கள். அவர்களுடையது என்று அவர்கள். ஆகவே இரண்டு பானை. வெளியே பனி கொட்டியது. ஆகவே மண்டபத்துக்கு உள்ளேயே இரண்டு காஸ் அடுப்பு. எந்தப் பானை முந்தும் என்று இரண்டு பகுதியும் அடுப்பைக் கூட்டிக் கூட்டி வைத்ததில் இரண்டு பாலும் ஒன்றாகப் பொங்கி, ஒன்றாக வழிந்து, ஒன்றாகக் கருகியது. தமிழினத்தின் ஒற்றுமையை அன்றுதான் கண்டேன்! தீ எச்சரிக்கை கூவத் தொடங்கியது. பரதநாட்டிய உடுப்போடு பிள்ளைகள் பனிக்குள் ஓடினார்கள். தீயணைப்பு வண்டி வந்தது.

இறங்கி வந்த டெனிஷ்காரர் கேட்ட முதல் கேள்வி, இங்கே யார் பொறுப்பு என்பது. நாங்கள் அவர்களைக் காட்டினோம். அவர்கள் எங்களைக் காட்டினார்கள். நடுவில் வந்து நின்றவர் தேவராஜா அண்ணை. அவருக்குப் பொங்கலும் இல்லை, கட்சியும் இல்லை. ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகும் மனிதர். யார் என்பதைப் பிறகு பார்க்கலாம், என்ன நடந்தது என்று முதலில் காட்டுகிறேன் என்று டெனிஷில் சொல்லி அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் இரு பகுதியாரையும் தன் வீட்டுக்கு அழைத்தார். நேசமலர் அக்கா பொரித்துத் தரும் ரோல்ஸ் இல்லாவிட்டால் ஒருவரும் போயிருக்கமாட்டோம். ஒரேயொரு சட்டம் போட்டார். ஒருவருடைய பெயரையும் சொல்லக் கூடாது. என்ன பிழை நடந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

ரீச்சர் எழும்பிக் கேட்ட கேள்வியை நான் மறக்கமாட்டேன். “அப்ப இவ்வளவு நடந்ததுக்கு ஆரும் பதில் சொல்லத் தேவையில்லையோ?” என்று கேட்டா. ரீச்சர் கேட்டது பொங்கல் பானையைப் பற்றி அல்ல என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணை ரீச்சர் பக்கம் திரும்பினார். “சொல்லத்தான் வேணும், ரீச்சர். அதைக் கேக்கிறதை ஒருநாளும் விடாதேங்கோ. யப்பான்காரரும் தாங்கள் செய்ததுக்கு முழுசாப் பதில் சொல்லேல்லை, அது அவையின்ரை குறை. ஆனா அதைக் கேக்கிற இடம் வேறை. பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்திலை அதைக் கேட்டு ஒருத்தரை ஒருத்தர் தின்னுறம்.”

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அடுப்பு இரண்டு. யன்னல் ஒன்றும் திறக்கவில்லை. கடைசியாக ஒரு தாய் மெல்லச் சொன்னா, பிள்ளைகள் பனிக்குள் கோட் இல்லாமல் நின்றார்கள், கோட்டுகளை யாரும் பொறுப்பெடுக்கவில்லை என்று. பானைக்காகச் சண்டை பிடித்த நமக்குப் பிள்ளையின் கோட் நினைவில் வரவில்லையே! அடுத்த விழாவில் இரு பகுதிப் பிள்ளைகளின் கோட்டுகளையும் நான் பார்க்கிறேன் என்று கமலாதேவி ரீச்சர்தான் முதலில் கை உயர்த்தினா. ஒற்றுமைக்காக நாம் நடத்திய மாநாடுகள் எத்தனை! ஒன்றும் நடக்கவில்லை. கோட் மாட்டும் அறையில்தான் இந்தப் பாடசாலை மறுபடி ஒன்று சேரத் தொடங்கியது.

இரண்டு வருடத்தில் ஒரு பாடசாலை, ஒரு மண்டபம். திறப்பு விழாவன்று அண்ணை பழைய சாமான் சந்தையில் வாங்கிய கப்பல் மணியோடு வந்து, தானே ஏணியில் ஏறிக் கட்டினார். எவரும் இழுக்கலாம். இழுத்தால் பேசுகிறவர் நிறுத்த வேண்டும். முதலில் நன்றி, பிறகு என்ன பிழை என்ற கேள்வி. அவ்வளவுதான். அன்றிலிருந்து எத்தனை நீண்ட பேச்சுகளை இந்த மணி காப்பாற்றியிருக்கிறது! எத்தனை பொன்னாடைகளைத் தடுத்திருக்கிறது!

அப்படிப்பட்ட மனிதர், சபையோரே, கோபம் என்றால் என்னவென்று அறியாதவர், பிழையே விடாதவர்...

(மணி ஒலிக்கிறது.)

நன்றி. என்ன பிழை?

நேசமலர் அக்கா எழுந்து நிற்கிறா. சொல்லுங்கள், அக்கா.

“அவருக்கு நல்லாக் கோவம் வரும், தம்பி. யப்பான் கதையிலை பாதியிலை எழும்பிப் போனா ரெண்டு நாள் கதைக்கமாட்டார். பிழையும் விட்டவர். அவரைப் பிழை விடாதவர் எண்டு சொல்லி அனுப்பாதேங்கோ. விட்ட பிழையை மறைக்காதவர் எண்டு சொல்லுங்கோ, அது காணும்.”

நன்றி, அக்கா. திருத்திக்கொள்கிறேன். விட்ட பிழையை மறைக்காதவர். இதைவிட ஒரு பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும்?

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு அறிவித்தலுக்கு வருகிறேன். மருத்துவமனையில் கடைசியாகப் பார்க்கப் போனபோது, பாடசாலை நல்லபடி ஒன்றாகிவிட்டது அண்ணை, நீங்கள் நிம்மதியாக இருங்கள் என்றேன். அவர் சிரித்தார். “எங்கை ஒண்டானது? ரீச்சர் எல்லாருக்கும் மணி அடிக்கிறா, உமக்கு அடிக்கிறேல்லை. நீரும் எல்லாருக்கும் அடிக்கிறீர், ரீச்சருக்கு அடிக்கிறேல்லை. பழைய சண்டை திரும்பி வந்திடும் எண்டு ரெண்டு பேருக்கும் பயம். ஒருத்தருக்கு ஒருத்தர் இழுக்கிற அண்டைக்குத்தான் பள்ளிக்கூடம் ஒண்டாகும்.”

நான் அந்தப் பேச்சை மாற்றிவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். உண்மைதான். ஒரே நிர்வாகத்தில் இத்தனை வருடம் இருந்தும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கண்ணாடிப் பாத்திரம்போல் பார்த்துப் பார்த்துத்தான் கையாண்டோம். அது மரியாதை என்று ஊர் நினைத்தது.

இனி அறிவித்தல். பொறியியலாளர் தேவராஜா அவர்களின் நினைவைப் போற்றும் முகமாக, அவர் தம் கையால் கட்டிய மணியையும் கயிற்றையும் கழற்றி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அவருடைய படத்தின் கீழே நிரந்தரமாகக் காட்சிப்படுத்துவதென நிர்வாகம் தீர்மானித்திருக்கிறது. ரீச்சரும் நானும் சேர்ந்தே எழுதிக் கையெழுத்திட்ட முதல் தீர்மானம் இது என்பதை மகிழ்ச்சியோடு...

(மணி ஒலிக்கிறது.)

நன்றி. என்ன பிழை?

சபையில் யாரும் எழவில்லையே. ஏன் எல்லோரும் எனக்குப் பின்னால் பார்க்கிறீர்கள்?

ரீச்சர். கயிறு உங்கள் கையில் இருக்கிறது.

“நானும் கையெழுத்து வைச்சனான்தான், நித்தி. நீங்கள் வாசிக்கேக்கைதான் விளங்குது. பெட்டிக்குள்ளை வைச்சா ஆர் இழுக்கிறது?”

நன்றி, ரீச்சர்.

கொஞ்சம் பொறுங்கள். கைக்குட்டையை எடுத்துக்கொள்கிறேன். மூக்கைச் சிந்தத் தேவையில்லை என்று தொடக்கத்தில் சொன்னவன் நான். அதுவும் பிழை. அடுத்த ஞாயிறு இந்தக் கூட்டத்தில் என்னென்ன பிழை என்று இருந்து பார்ப்போம், அதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சபையோரே, தீர்மானம் கைவிடப்படுகிறது. மணி அங்கேயே தொங்கும். கயிறு எல்லோருக்கும் எட்டும் உயரத்திலேயே இருக்கும். நாங்கள் இருக்கும்வரை இழுப்போம், எங்களுக்குப் பின் வரும் இளையவர்கள் எங்களையே நிறுத்த இழுத்தாலும் இழுக்க விடுவோம். அண்ணைக்கு நாங்கள் கொடுக்கும் உறுதிமொழி இதுதான். அவருடைய படத்தை மணிக்குப் பக்கத்தில் மாட்டுவோம், சத்தம் நன்றாகக் கேட்கும் இடத்தில்.

அண்ணை, ரீச்சர் எனக்கு மணி அடிச்சுப்போட்டா. பள்ளிக்கூடம் ஒண்டாகிட்டுது.