பக்கத்து வீட்டுக் கணப்பின் சூடு

பெயர் ஹேசல் ஹோல்ட். வயது நாற்பத்தாறு. விலாசம்: 9, கேனல் சந்து, டாட்மார்டன், யார்க்‌ஷயர்.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து சுவர்ப் பூச்சு வேலை செய்து வருகிறேன். இதே ஊர் மில்வுட் தெருவில் வசிக்கும் நெவில் பார்லோ என்பவரையும் அவர் மனைவி ஷீலாவையும் இந்த வேலையின் மூலமாகத்தான் எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த பஸ் டிரைவர் டெரெக் ஸ்லேட்டரை வாசலில் பார்த்துத் தலையசைத்த அளவில் தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று. கூரை மேல் புகைபோக்கிக் கட்டடமும் ஒன்றுதான். அதற்குள் புகை போகும் வழிகள் மட்டும் தனித்தனி.

நெவில் தமது முன்னறையின் பழைய கணப்பைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் இரும்பு அடுப்பு வைக்க விரும்பினார். அதைச் சுற்றியுள்ள சுவருக்குச் சூடு தாங்கும் சாந்து பூசி மழமழப்பாக முடித்துத் தர நான் ஒப்புக்கொண்டேன். சாதாரணச் சாந்து அந்தச் சூட்டில் வெடித்துப் பாளம் பாளமாக விழுந்துவிடும். கூரை வேலையை நெவில் தாமே சாரம் கட்டிச் செய்தார். அதில் டெரெக் வீட்டுக் கம்பளத்தில் கரித்தூள் கொட்டியதாகவும், டெரெக் தெருவில் நின்று, "சுத்தியல எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாதவனெல்லாம் எதுக்குய்யா கூரை ஏறுறே?" என்று கேட்டதாகவும், தெருவே சிரித்ததாகவும் நெவில் என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார். அன்று முதல் இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

சம்பவ நாளன்று காலையில் நான் போனபோது வெளியே உறைபனி. கணப்பைப் பிரித்ததிலிருந்து அந்த வீட்டில் வேறு சூடு கிடையாது. ஷீலா கோட்டைக் கழற்றாமலேயே எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "லைப்ரரிக்குப் போறேங்க, சாயங்காலம் ஆயிடும்" என்று நெவிலிடம் சொல்லிப் பையோடு புறப்பட்டார். தினமும் அப்படித்தான் போவார். அதன் பின்னர் நெவில் சாரத்தில் ஏறி மேலே சிறிது நேரம் இருந்துவிட்டு, சீட்டியடித்தபடி இறங்கி வந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்பூச்சைப் பூசி, சற்று இறுகியதும் கரணையால் மெருகிட ஆரம்பித்தேன். நடுச்சுவர் ஓரமாக, ஒரு கையகலத்துக்கு மட்டும் பூச்சு வேகமாக வெளுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். மறுபடி வெளுத்தது. மறுபடி தெளித்தேன். அந்த நேரம் முழுக்க என் கவனம் பூச்சில் திட்டு விழக் கூடாது என்பதில்தான் இருந்தது. பிறகுதான் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சுவர் சுட்டது. அடுப்புக் குழிக்குள் தலையை விட்டபோது, பூசாத செங்கல் இடுக்கிலிருந்து முகத்தில் வெதுவெதுப்பாகக் காற்று அடித்தது. எனக்கு மதியத்திலிருந்தே தலைவலி.

நெவில் பின்னால் வந்து நின்று, "என்னம்மா ஹேசல், சுவத்துக்கு ஜுரமா?" என்றார்.

"இது உங்க வீட்டுச் சூடு இல்ல. பக்கத்து வீட்டுப் புகை வெளிய போக முடியாம இந்தப் பக்கம் திரும்புது" என்றேன்.

"அவன் ராத்திரிக்குத்தானே பத்த வைப்பான்? இன்னைக்கு என்ன துரைக்கு அவ்வளவு குளிரு?" என்று கேட்டுவிட்டு, அவராகவே சொன்னார்: "காலைல அவன் புகைபோக்கி வாய ஒரு சிலேட்டுக் கல்ல வச்சு மூடிட்டு வந்தேன். இருமிக்கிட்டே தெருவுக்கு ஓடி வரட்டும். இந்தத் தடவையும் தெரு சிரிக்கட்டும்." இதைச் சொல்லும்போது நெவில் சிரித்தார்.

"அவர் எரிக்கிறது புகையில்லாக் கரி நெவில். அதுல இருமல்லாம் வராது. வர்ற விஷக்காத்து கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூங்கிட்டா எந்திரிக்கவே மாட்டாரு" என்றேன். நெவில், "சும்மா பயமுறுத்தாதே" என்றார். ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது.

அதன் பின்னர் இருவரும் ஓடிப்போய் டெரெக் வீட்டுக் கதவைத் தட்டினோம். பதில் இல்லை. நான் என் சுத்தியலால் கதவுக் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே போனேன். டெரெக் கணப்புக்கும் கதவுக்கும் நடுவே குப்புற விழுந்து கிடந்தார். புரட்டியபோது முகம் நல்ல சிவப்பாக, குளிரில் நடந்து வந்தவர் முகம் போல இருந்ததால், ஒன்றும் ஆகியிருக்காது என்றே நினைத்தேன். அந்த விஷக்காற்றே முகத்தைச் சிவக்க வைக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவரை அக்குளில் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போட்டேன். ஜன்னலைத் திறக்கத் திரும்பி வந்தபோதுதான் கணப்பருகே இருந்த நாற்காலியைக் கவனித்தேன்.

அதில் ஷீலா உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலிக் கையில் போட்டிருந்தார். காலணிகளை ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு, பாதங்களைத் தணலுக்கு நேராக நீட்டியிருந்தார். மடியில் லைப்ரரிப் புத்தகம் விரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் வெண்ணெய் தடவிய ரொட்டி, பாதி கடித்தது.

நெவில் வாசற்படியைத் தாண்டி வந்து நின்றார். "நீ லைப்ரரிக்குத்தானே போனே?" என்று கேட்டார். ஷீலா கண் திறக்கவில்லை. "லைப்ரரிக்குன்னுதானே சொன்னே?" என்று மறுபடியும் கேட்டார். நான் அவரை அதட்டிக் காலைப் பிடிக்கச் சொல்லி, இருவருமாக ஷீலாவைத் தூக்கி வந்து நடைபாதையில் கிடத்தினோம்.

நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்து பேசி முடித்துத் திரும்பியபோது நெவிலை அங்கே காணவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மனைவியைப் பனியில் விட்டுவிட்டு அவர் சாரத்தின் உச்சியில் நின்று புகைபோக்கி மேலிருந்த கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, தமது பின்கட்டில் கிடந்த உடைசல் குவியலில் அதைச் செருகியதையும் வீட்டோரச் சந்து வழியாக நான் பார்த்தேன். பிறகு என்னிடம் வந்து, "சாரத்துல வச்சிருந்த கல்லு காத்துல சரிஞ்சு புகைபோக்கி மேல தானா விழுந்துச்சுன்னு சொல்லிடு ஹேசல். ஷீலாவுக்காகவாவது சொல்லு" என்றார். அன்று இலைகூட அசையவில்லை. நான் குனிந்து ஷீலாவின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

டெரெக் ஸ்லேட்டர் அன்றிரவே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகத் தெரிந்துகொண்டேன். ஷீலாவுக்கு மறுநாள் நினைவு திரும்பியது. நேற்று நான் பார்க்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல குளிர் தாங்கலம்மா. இவர்கிட்டச் சொன்னா வேலையக் கொறை சொல்றேன்னு கோவிப்பாரு. டெரெக்தான், வந்து உக்காந்து படிங்க, விடிகாலை பஸ் ஓட்டிட்டு வந்து நான் தூங்கத்தானே போறேன்னாரு. எனக்காகத்தான் பகல்லயே பத்த வச்சாரு" என்றார். பிறகு, "காத்துல கல்லு விழுந்துச்சுன்னு இவர் சொல்றாரு. நீ அங்கதானே இருந்தே?" என்று கேட்டார். நர்ஸ் வந்ததைச் சாக்கிட்டு நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போகாமல் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். டெரெக் ஓட்டிய பஸ்சை வேறொருவர் ஓட்டி வந்து நிறுத்தினார். இன்று காலை யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

ஷீலாவுக்குச் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். கல் தானாக விழவில்லை. நெவில் பார்லோ வைத்தார். வைத்ததை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சாகட்டும் என்று நினைத்து வைத்தாரா என்று கேட்டால், இல்லை என்றே நினைக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை நான் கண்டதும் என் காதால் கேட்டதும்தான். எவர் தூண்டுதலாலும் சொல்லவில்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை என்று கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஹேசல் ஹோல்ட்