ஹாலுக்கு யார் பேர்?

— அந்த ரூமையும் தூக்கிடு, செர்வா.

— எது, மாடியில தெக்குப் பக்கம் இருக்கறதா? ஓபிரி மாமா, அது உங்க பையன் ரூமாச்சே!

— யாவ் வரமாட்டான்மா. அவனுக்கு வேலை, பொண்டாட்டி எல்லாம் மியூனிக்ல. நம்ம ஊர் பெக்வாய்னு சொன்னா அவனுக்குக் கொசுதான் ஞாபகம் வருது. தூக்கு.

— தூக்கிட்டேன். ஹாம்பர்க்ல உங்க ஸ்கிரீன்ல போயிடுச்சா?

— போயிடுச்சு. சுவர்கூட இல்ல. உன் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா?

— கட்டினப்பறம் இடிச்சாத்தான் மாமா வலி. இதுல அழிச்சா ஒரு கல்லும் வீணாகாது. அதுக்குத்தானே மண்ணைத் தோண்டறதுக்கு முன்னாடியே முழு வீட்டையும் இங்க கட்டிப் பாக்கறோம். ஆனா உங்களை மாதிரி ஆளை நான் பாத்ததில்ல. எல்லாரும் ரூமைக் கூட்டச் சொல்லுவாங்க. நீங்க போன வாரம் விருந்தாளி ரூமை எடுத்தீங்க, அப்பறம் அத்தை ரூமை எடுத்தீங்க. இப்படியே போனா வாட்ச்மேன் ரூம்தான் மிஞ்சும்.

— நீ போட்ட சட்டம்தானே? ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு ஆள் பேர் எழுதணும், பேர் இல்லாத ரூம் வீண்னு.

— ஆமா, சொன்னேன். இந்த ஊர்ல பாதி வீடு அப்படித்தானே நிக்குது? லண்டன்ல உக்காந்துட்டு பன்னெண்டு ரூம் கட்டுவாங்க. உள்ள பல்லி குடும்பம் நடத்தும். அதுக்காக அத்தை ரூமை எடுக்கச் சொல்லலையே நான். அவங்க உங்க ரூம்லயே இருந்துப்பாங்களா?

— அவ டொராண்டோவுல தங்கச்சிகூட இருக்கா. போயி ரெண்டு வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லல நான். சமையலறையில ஒரு அடுப்பு போதும்.

— மாமா...

— ஒரு அடுப்பு போதும்னேன்.

— சரி, விடுங்க. இப்ப ஹாலுக்கு வருவோம்.

— ஹாலைத் தொடாத.

— அட, கோவப்படாதீங்க. வீட்டுல இருக்கப்போறது நீங்க ஒரே ஆள். ஹால்ல நூறு நாற்காலி போடலாம். அதுக்கு யார் பேரை எழுதறது?

— விருந்துன்னு எழுது.

— விருந்து என்ன ஒரு ஆளா? அந்தக் கதவு வேற. எட்டடி அகலம் கேட்டீங்க. அது தூண்ல போய் இடிக்குது, மாடல்ல அந்தப் பக்கம் பூரா சிவப்பு. கம்பி கட்டற மேஸ்திரி, ‘அது வழியா லாரியா வரப்போகுது’ன்னு கேக்கறாரு.

— தூணைத் தள்ளி வை.

— தூணைத் தள்ளினா பீம் மாறும், அஸ்திவாரம் மாறும்.

— மாறட்டும். நான் கேட்ட எதையாவது இதுவரைக்கும் விட்டுத்தராம இருந்திருக்கேனா? இது ஒண்ணு மட்டும் வேணும் எனக்கு.

— அதான் மாமா எனக்குப் புரியல. நீங்க மாடலுக்குள்ள வந்தா எனக்கு ஒரு பச்சைப் புள்ளியாத் தெரியும். தினமும் சாயங்காலம் வர்றீங்க. சமையலறைப் பக்கம் போறதில்ல, படுக்கை ரூம் பக்கமும் போறதில்ல. ஹால் நடுவுல அப்படியே நிக்கறீங்க. கண் உயரத்தையும் இறக்கி வெச்சிருக்கீங்க, தவழற குழந்தை மாதிரி. அப்படி என்னதான் பாக்கறீங்க?

— கூரையை.

— கூரையில என்ன இருக்கு?

— ஃபேன் எங்க வருதுன்னு பாத்தேன். அதைக் கொஞ்சம் ஓரமா நகத்து. சுத்தி உக்காந்திருக்கறவங்களுக்குக் காத்து வேணும்.

— யார் உக்காந்திருக்காங்க அங்க?

— யாருமில்ல. வேலை விட்டு வந்தா இங்க பேச ஆளில்லம்மா. பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூட எனக்குத் தெரியாது. அந்த ஹாலுக்குள்ள வந்தா மட்டும், சனம் நெறைஞ்சிருக்கற மாதிரி இருக்கு. பைத்தியக்காரத்தனம்தான், சிரிச்சுக்கோ.

— எதுக்கு சிரிக்கணும்? பேசாம ஊருக்கு வந்துடுங்க. எங்க அம்மா கிழங்கை இடிச்சுச் செய்யற ஃபூஃபூவை ஒரு நாள் சாப்பிட்டீங்கன்னா ஹாம்பர்க்கே மறந்துடும். எப்ப வர்றீங்க, அதைச் சொல்லுங்க.

— பாக்கலாம்.

— ‘பாக்கலாம்’ங்கறதை எந்தச் சுவத்துல மாமா ஒட்டறது? நாளைக்குக் காலைல மேஸ்திரிங்க எல்லாரும் வர்றாங்க. கடைசி நாளைத்தான் சீட்டுல எழுதி முதல்ல சுவத்துல ஒட்டுவோம். நீங்க வீட்டுக்குள்ள வர்ற நாள். அதுக்கு முன்னாடி பெயிண்ட், அதுக்கு முன்னாடி கதவுன்னு அஸ்திவாரம் வரைக்கும் பின்னாலயே வருவோம். அவங்கவங்க சீட்டை அவங்கவங்களே ஒட்டணும். முதல் சீட்டு உங்களோடது. அது இல்லாம போன தடவையும் வெறும் சுவத்தைப் பாத்துட்டு, கஞ்சியைக் குடிச்சுட்டுக் கெளம்பிட்டாங்க.

— ஹாலை மட்டும் முதல்ல முடி. மத்ததெல்லாம் முடிஞ்சா பாத்துக்கோ.

— நல்லா இருக்கே! படுக்கை ரூம் இல்லாம எங்க படுப்பீங்க?

— ஹால்லதான்.

— வெறுந்தரையிலயா?

— கட்டில் போடுவாங்க. பித்தளைக் கட்டில். வெள்ளைத் துணி, தலைமாட்டுல பூ. சுத்தி நாற்காலி. நீயும் நம்ம அசாந்தி இனத்துப் பொண்ணுதானே, உங்க வீட்டுப் பெரியவங்களை அப்படிக் கிடத்தினதைப் பாத்திருப்ப.

— மாமா, வேணாம். இப்படிப் பேசாதீங்க.

— வாடகை வீட்டு வாசல் வழியா என்னைத் தூக்கிட்டுப் போகக் கூடாதும்மா. ரெண்டு பக்கமும் ஆளுங்க தோள் இடிக்காம வரணும், அதுக்குத்தான் எட்டடி. ஹாலுக்கு என் பேரை எழுதிக்கோ.

— யாவுக்குத் தெரியுமா?

— ஃபோன் எடுத்தா சொல்லுவேன்.

— டாக்டர் என்ன சொல்றாரு?

— ஈஸ்டரைத் தாண்டறது கஷ்டம்ங்கறாரு. அந்தச் சீட்டை நாளைக்கு ஒட்டிடு. பிணவறையில ஒரு மாசம் வெச்சிருப்பாங்க, அதையும் சேத்துக்கோ, பூச்சு நல்லாக் காயட்டும்.