மீனுவின் மதிய உறக்கம்

எலியைத் தூக்கும்போது வாலைப் பிடிக்கக் கூடாது, சார். புதிதாகச் சேருகிற மாணவர்கள் எல்லோரும் செய்யும் தவறு அது. உள்ளங்கையைக் குழித்து, வயிற்றுக்கு அடியில் கொடுத்து, மெல்ல எடுக்க வேண்டும். தினமும் அப்படி எடுத்து, மூக்கில் ஒரு துளி வெறும் உப்புநீர் விட்டு, திரும்பக் கூண்டில் விட வேண்டும். நாளாக ஆக எலிக்கு அந்தக் கை பழகிவிடும். அதற்குப் பிறகுதான் மருந்து. கையைக் கண்டே பயப்படுகிற எலியிடம் எதை அளந்தாலும் அந்த அளவு பொய்யாகத்தான் இருக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், என் தங்கை மீனு விஷயத்திலும் நான் அவசரப்படவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் மூளை தனக்குத்தானே சில சின்னஞ்சிறு புரதத் துணுக்குகளைச் செய்துகொள்கிறது. நியூரோபெப்டைடு என்போம். அதில் ஒன்று நம்மை விழித்திருக்க வைக்கிறது. மனம் பதறும்போது அது பெருகும். அதன் வேலையைத் தடுக்கும் மருந்து ஒன்றை இதே திருவனந்தபுரத்தில், என் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினேன். மூக்கில் விட்டால் எலி நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடும். கண் பாதி திறந்திருக்கும். உடம்பு ஈரத்துணி மாதிரி துவண்டு கிடக்கும். உறக்கம் என்று எழுதினேன். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பாராட்டு வந்தது.

மீனு பொன்முடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகளோடு மலையிறங்கிய வேன் ஒரு வளைவில் கவிழ்ந்தது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் மாடம்மாளின் மகள் அனுஷா, மீனுவின் கையைப் பிடித்தபடியே செத்துப்போனாள். மீனுவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கரமனையில் ஆற்றங்கரையை ஒட்டிய என் வீட்டுக்கு அவளைக் கூட்டி வந்துவிட்டேன்.

அதிலிருந்து அவளுக்கு உறக்கம் இல்லை. வீடு முழுக்க நடப்பாள். நான் எழுத உட்கார்ந்தால் பின்னால் வந்து நிற்பாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேசுவாள்.

"எனக்க கையில அந்தப் பிள்ளைக்க கைச்சூடு இப்பவும் இருக்குக்கா. தொட்டுப் பாரேன்."

தொட்டுப் பார்த்தேன். சாதாரணச் சூடுதான். உறக்க மாத்திரை போடச் சொன்னேன். "அதைப் போட்டா அவ சொப்பனத்துல வாறா. வேண்டாம்" என்றாள்.

எனவே பழக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மூக்கு வறண்டிருக்கிறது என்று சொல்லி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உப்புநீர் விட்டேன்.

"உனக்க எலிக்கெல்லாம் இன்னைக்கு லீவா? இப்ப எனக்க மூக்குதான் கெடச்சுதா?"

"சும்மா மலந்து கெட."

"எலின்னா வடை வைக்கணும்லா? வடை எங்க?"

அன்று சாயங்காலம் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பும்போது கிள்ளிப்பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அவளுக்குப் பருப்புவடை வாங்கி வந்தேன். அவள்மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

போகப் போக, நான் குப்பியை எடுத்ததுமே அவள் தலை தானாகப் பின்னால் சாயத் தொடங்கியது. அப்புறம்தான் உப்புநீருக்குப் பதில் மருந்தை விட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பதறுவாள். பதறினால் பலன் குறையும்.

பேசிக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் நின்றாள். தாடை தளர்ந்தது. நான் அவளைச் சரியாகப் படுக்க வைத்து, தலையணையை ஒழுங்குபண்ணினேன். ஆற்றில் யாரோ துணி அடிக்கிற சத்தம் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. வீடு அவ்வளவு அமைதி. பல நாளாக முடியாமல் கிடந்த கட்டுரையை அந்த மதியமே முடித்துவிட்டேன்.

எழுந்ததும் அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் ஒறங்கல்ல, கேட்டியா. நீ போன்ல பேசினது எல்லாம் கேட்டுது. கையும் காலும் மட்டும் அனங்கல்ல. உன்னை விளிச்சேன், சத்தம் வரல்ல. அந்தப் பிள்ளை பக்கத்துல வந்து கெடந்தா. எளும்பி ஓட முடியல்ல."

"சொப்பனமாட்டு இருக்கும்" என்றேன். அப்போது அப்படித்தான் நம்பினேன்.

என்னிடம் ஆய்வு மாணவியாக இருந்த ஆதிரா எலிகளின் தலையில் மெல்லிய வயர்களைப் பொருத்தி, மூளையின் அலைகளைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் என்னைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"மேடம், இது ஒறக்கமே அல்ல. ஒடம்பு மட்டும்தான் விழுது. மூளை முழிச்சுதான் இருக்கு. ரத்தத்துலயும் சோதிச்சேன், பயத்துல ஏறுற பெப்டைடைப் பாருங்க, பூனையைக் கண்டாக்கூட இவ்வளவு ஏறாது. பாவம், பயந்து பேடிச்சுக் கெடக்குது."

"வயரைச் சரிபார்."

"பார்த்தாச்சு மேடம். ஒரு குழப்பமும் இல்ல."

"இன்னொரு தடவை பார்."

அன்றே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது நானும் யோசித்தேன். மீனு எழுந்து நடமாடினாலும் பயப்படத்தான் செய்கிறாள். எப்படியும் பயம்தான் என்றால், படுத்துக்கொண்டு பயப்படுவது உடம்புக்கு நல்லது. வீடும் அமைதியாக இருக்கும். இதில் தவறு எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மறுநாளும் மருந்து விட்டேன். அதற்கடுத்த நாட்களிலும்.

பிறகு ஒருநாள் மீனு தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இனி அந்தத் துளி வேண்டாம்க்கா. அதுதான் என்னைக் கட்டிப் போடுது, எனக்குத் தெரியும். நாளைக்கு நான் மலையடிவாரத்துல விதுராவுக்குப் போறேன். மாடம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வாறேன்னு சொல்லியிருக்கா. அனுஷா கடைசியா ஒண்ணு சொன்னா. அதை அவகிட்டச் சொல்லணும்."

"என்ன சொன்னா?"

"அது அவ அம்மைக்குள்ளது. சொல்லிட்டா எனக்கு ஒறக்கம் வரும்."

அப்படி ஒரு சந்திப்பு அவள் மனதுக்கு எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அனுமதிக்க முடியாது. மறுநாள் காலை அவள் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது குப்பியோடு போனேன்.

"வேண்டாம்னு சொன்னேன்லா" என்றாள். ஆனால் என் கையைக் கண்டதும் அவள் தலை பின்னால் சாய்ந்துவிட்டது. நான் பலவந்தப்படுத்தவில்லை, சார். அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கட்டிலில் கிடத்தினேன். விரல் லேசாக அசையும்போதெல்லாம் இன்னொரு துளி விட்டேன். அவள் கைப்பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மாடம்மாளாக இருக்கும். கண்ணோரம் நீர் வந்தது, துடைத்தேன். ஆதிரா சொன்னது மனதில் இருந்ததால், காதருகில் குனிந்து கேட்டேன்.

"மீனு, நான் பேசுறது கேக்குதுன்னா கண்ணை மூடு."

மூடினாள். உறங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வைத்தேன், அவள் நிம்மதியாக இருந்தாள் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. பிறகு இன்னொரு துளி விட்டேன். சாயங்காலத்துக்குள் மூச்சு நின்றிருந்தது.

ரத்தத்தை யாருடையது என்று சொல்லாமல் ஆதிராவிடம் கொடுத்தேன். சோதித்துவிட்டு எழுந்து வந்தாள்.

"மேடம், இது எந்த எலி? இத்தனை பேடிச்ச ஒண்ணை நான் கண்டதே இல்ல."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் அவள்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள் என்று நினைக்கிறேன். செய்யட்டும்.

ஆமாம், நான்தான் செய்தேன். விழித்திருக்கிறாள் என்று தெரிந்தே மருந்து விட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த ரத்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். கருவியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மீனு பயப்படவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை அவள் அசையவே இல்லை.