இரண்டாம் நம்பர் வண்டியும் ஒரு மரக்கட்டையும்

இன்று செப்டம்பர் பதினான்கு, இரண்டாயிரத்து இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். இந்தக் கூடத்தில் எண்பது நாற்காலிகள். வந்திருப்பவர்கள் தொண்ணூற்று நான்கு பேர். அவர்களில் நாளைக் காலை ஏழு மணிக்கு நம் நான்கு வண்டிகளோடு களத்தில் இறங்கப்போகிறவர்கள் பதினொரு பேர். எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

சங்கத் தலைவர் அவர்களே, பணித்தள மேலாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி, அண்ணன் மகள் பாப்பா, பட்டறைத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அழகாகப் பேச வராது. தலைவர் ஐந்து நிமிடம் தந்திருக்கிறார். அதற்குமேல் ஆகும். தாளை மேசைமேல் வைத்துப் படிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்? தலைமைப் பராமரிப்பு மெக்கானிக்கை! பத்தொன்பது வருடம் தோளில் லேசர் முக்காலியோடு திரிந்து, அந்தப் பெயரையே வாங்கிக்கொண்ட நம் முக்காலி அண்ணனை! கல்யாணப் புகைப்படத்தில்கூட தோள் ஒருபக்கம் சாய்ந்திருக்கும் என்று அண்ணியே கிண்டல் செய்வார்.

வீட்டாருக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். களத்தின் ஓரத்தில் முக்காலி. அதன் தலையில் சுழலும் லேசர். வண்டிக்குப் பின்னால் மண்ணைச் சீவி மட்டம் செய்யும் ஒன்றரை டன் பிளேடு. பிளேடின்மேல் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் ரிசீவர். லேசர் ஒளி ரிசீவரின் நடுவில் பட்டால் பிளேடு அசையாது. மேல்பாதியில் பட்டால் பிளேடு தாழ்ந்திருக்கிறது என்று கன்ட்ரோல் பாக்ஸ் அதைத் தூக்கும். கீழ்ப்பாதியில் பட்டால் பிளேடு உயர்ந்திருக்கிறது என்று இறக்கும். ஆட்டோவில், அதாவது தானாக இயங்கும்படி, போட்டுவிட்டால் மனிதர் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. ஐந்து நாளாக என்னைத் தூங்கவிடாதது அந்தக் கடைசி வாக்கியம்தான்.

நான் டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். மூன்றாம் நம்பர் வண்டி தரையை அலை அலையாகச் சீவியது. கேபிளை மாற்றினேன். ரிசீவரை மாற்றினேன். கன்ட்ரோல் பாக்ஸைக் கழற்றி மேசையில் பரப்பிவிட்டேன். அண்ணன் வந்தார்.

"என்ன மாப்ள, டிப்ளமா என்ன சொல்லுது?"

"உள்ள போர்டு போயிருக்கும்ணே. புதுசுதான் வாங்கணும்."

கம்பத்தை ஒரு கையால் பிடித்து ஆட்டினார். கடகடவென்று ஆடியது. அடியில் இருந்த நட்டை ஸ்பேனரால் இரண்டு சுற்று முறுக்கினார்.

"போர்டுக்கு முன்னாடி நட்டு மாப்ள. நட்டைப் பாத்துட்டு அப்புறம் நாசாவுக்குப் போன் போடு."

பட்டறையே சிரித்தது. எனக்குக் கோபம். ஆனால் வண்டி அன்று மாலையே தரையைக் கண்ணாடி மாதிரி சீவியது.

லேசர் கண்ணாடியைத் துடைக்க அவர் தலையணை உறையைத் தவிர வேறு துணியைத் தொடமாட்டார். "எங்க வீட்டுத் தலகாணியெல்லாம் அம்மணமாக் கெடக்குது, உறையெல்லாம் உங்க அண்ணன் பெட்டியிலதான்" என்று அண்ணி ஒருமுறை பட்டறைக்கே வந்து நான்கு உறைகளை மீட்டுக்கொண்டு போனார். தினமும் காலையில் லேசரை நாலு திசைக்கும் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் அளவுகோலைப் பார்த்துக் குறிப்பார். இருபது நிமிடம்! "நேத்து சரியா இருந்துச்சேண்ணே" என்பேன். "நேத்து நீயும்தான் ஒழுங்கா இருந்த" என்பார்.

பிளேடின் அடியில் போவதென்றால் அவருக்கு மூன்று விதிகள். இன்ஜினை நிறுத்து. சாவியைச் சட்டைப்பையில் போடு. பிளேடின் அடியில் கட்டையை வை. அந்த மரக்கட்டையை அவரே அறுத்து, சிவப்புச் சாயம் பூசி வைத்திருந்தார். பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட கட்டை இல்லாமல் அவர் அடியில் போனதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பார்த்தேன்.

அண்ணி, இனிச் சொல்லப்போவதை நேற்றே வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வாசல்வரை வந்தேன். பயத்தில் திரும்பிவிட்டேன்.

இரண்டாம் நம்பர் வண்டியின் ஆபரேட்டர், நாம் எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர், மூன்று முறை புகார் எழுதினார். ஜூலை இருபத்திரண்டு, ஆகஸ்டு ஆறு, ஆகஸ்டு இருபத்தொன்பது. மூன்றிலும் ஒரே வாசகம்: பிளேடு திடீரென்று தானாக இறங்குகிறது. மூன்று முறையும் பட்டறையில் வைத்துச் சோதித்தேன். இறங்கவில்லை. மூன்று முறையும் பதிவேட்டில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "சித்தப்பா, உங்களுக்குத்தான் கண்ணு கட்டுது, வண்டிக்கு ஒண்ணுமில்ல" என்று வேறு சொன்னேன்.

நாலாவது முறை அவர் என்னிடம் வரவில்லை. அண்ணனிடம் போனார்.

செவ்வாய்க்கிழமை, செப்டம்பர் ஒன்பது. பலத்த காற்று. காற்றில் முக்காலி ஆடினால் லேசர் ஆடும், தரை கெடும். அதனால் காற்றடிக்கும் நாளில் முக்காலியின் கால்களை விரித்துத் தாழ்த்திவிடுவோம்; கம்பத்தையும் அதே அளவு இறக்கிக்கொள்வோம். எல்லோரும் செய்வதுதான். அன்று தாழ்த்தியது நான்.

பிளேடைத் தூக்கி இறக்கும் எண்ணெய்க் குழாய், அந்த ஹைட்ராலிக் ஹோஸ், கசிகிறதோ என்று அண்ணனுக்குச் சந்தேகம். இன்ஜின் ஓட வேண்டும், ஆட்டோவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கசிவு தெரியாது. ஆக, முதல் இரண்டு விதியும் போய்விட்டது. கட்டை மட்டும் இருந்தது. கட்டையோடு அடியில் படுத்துப் பத்து நிமிடம் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அண்ணே, கட்டை மேல வெயிட்டு உக்காந்திருந்தா ஹோஸ்ல பிரஷர் எப்படித் தெரியும்? ஒரு நிமிஷம் எடுத்துட்டுப் பாருங்க. சீக்கிரம்ணே, எனக்கு நாலாம் நம்பர்ல வேலை கெடக்குது."

அவர் என்னைப் பார்த்தார். "ஒரு நிமிஷம்தான்" என்றார். கட்டையைத் தள்ளினார். "அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துட்டு வா மாப்ள."

கருவிப்பெட்டி முக்காலியின் பக்கத்தில் இருந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் போன் அடித்தது. நின்று பார்த்தேன். நாலு நொடி இருக்கும். மணி பதினொன்று நாற்பது. சித்தப்பா அலறிய சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். பிளேடு அண்ணன்மேல் இறங்கியிருந்தது.

ஹோஸ் வெடித்தது என்று அறிக்கை எழுதியிருக்கிறார்கள். புது ஹோஸ் மாட்டிவிட்டார்கள். நாளை ஏழு மணிக்கு இரண்டாம் நம்பர் தயார் என்று பலகையில் எழுதியிருக்கிறது. தோழர்களே, ஹோஸ் வெடிக்கவில்லை! பழைய ஹோஸை நான் அழுத்தம் கொடுத்துச் சோதித்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

பிறகு பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று புகார் நாள்களும் காற்றடித்த நாள்கள். மூன்று நாளும் முக்காலி தாழ்ந்திருந்த நாள்கள். முக்காலி உயரமாக நிற்கும்போது ஒளி நம் தலைக்கு மேலே போகும். தாழ்த்திவிட்டால் நம் நெற்றி மட்டத்தில் போகும். அப்போது யாராவது குறுக்கே நின்றால் ரிசீவருக்கு நேர் ஒளி கிடைக்காது. அந்த நேரத்தில் பக்கத்தில் தண்ணீர் லாரி நின்றால், அதன் முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி ரிசீவரின் கீழ்ப்பாதியில் விழுகிறது. கன்ட்ரோல் பாக்ஸுக்கு எது நேர் ஒளி, எது திரும்பிய ஒளி என்று தெரியாது. அது பிளேடை இறக்கிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் லாரி நின்றிருந்தது. குறுக்கே நின்றது என் தலை.

வெள்ளிக்கிழமை மாலை நானும் சித்தப்பாவும் மட்டும் இதைச் செய்து பார்த்தோம். புது ஹோஸ். பிளேடின் அடியில் மணல் மூட்டை. லாரியை அதே இடத்தில் நிறுத்தினோம். நான் அதே இடத்தில் போய் நின்றேன். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் மூட்டை பிதுங்கிக் கிழிந்தது. சித்தப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். "டேய், இத்தன நாளும் இதுக்கு அடியிலயாடா நாம டீ குடிச்சோம்?" என்றார். இப்போது உங்கள் முன்னால் நிற்கும்போதும் அந்த மூட்டை கிழிந்த சத்தம் என் காதில் இருக்கிறது.

மேலாளர் ஐயா கையைக் காட்டுகிறார். "தம்பி, இதப் பேசுற எடம் இது இல்ல" என்கிறார். எந்த இடம் ஐயா? நாளை ஏழு மணிக்கு எந்த இடத்தில் பேசுவது? மழை வருவதற்குள் களத்தை முடிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நாளைக்கும் காற்று என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை போகும், வழக்கு வரும், அண்ணி என் முகத்தில் விழிக்கமாட்டார் என்ற பயம் ஒரு பக்கம். நாளை இன்னொருவர் "ஒரு நிமிஷம்தான்" என்று படுத்துவிடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரியது. தலைமை மெக்கானிக், பத்தொன்பது வருட அனுபவம், நம் முக்காலி அண்ணன், நமக்காகத் தேடப்போன பழுதை நாம் பலகையில் "தயார்" என்று எழுதி மூடலாமா? அவருக்கு மாலை போட்டுவிட்டு அதே பிளேடை ஓட்டலாமா?

பெரிய வாக்குறுதிகள் என்னிடம் இல்லை. நான் செய்யப்போவது இவை:

1. இந்தக் கூட்டம் முடிந்ததும் அண்ணியின் முன்னால் உட்காருவேன். என்ன கேட்டாலும் மழுப்பாமல் பதில் சொல்வேன். என்ன சொன்னாலும் எழுந்து போகமாட்டேன்.

2. இன்று மாலை நாலு மணிக்குள் விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுப்பேன். முக்காலியைத் தாழ்த்தியது நான், கட்டையை எடுக்கச் சொன்னது நான், குறுக்கே நின்றது நான். பழைய ஹோஸும் கிழிந்த மூட்டையும் கூடவே போகும்.

3. மூன்று "சரி"க்கும் கீழே "காரணம் கண்டுபிடிக்காமல் எழுதியது" என்று சேர்த்து, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திடுவேன்.

4. நான்கு முக்காலிகளின் கால்களிலும் ஆள் உயரத்துக்குக் கீழே இறங்காதபடி தடுப்பு வைத்துப் பற்றவைப்பேன். லேசர் ஆடும் அளவுக்குக் காற்றடித்தால் வேலை இல்லை.

5. நாளைக் காலை ஆறு மணிக்கு, இரண்டாம் நம்பரில் அந்தச் சோதனையை மேலாளர் ஐயாவின் கண்முன் மறுபடி செய்து காட்டுவேன். அவர் பார்க்கும்வரை எந்த வண்டியையும் ஆட்டோவில் போடாதீர்கள் என்று ஆபரேட்டர்களைக் கேட்டுக்கொள்வேன்.

6. என்னை உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்பேன். உள்ளே போகும் ஒவ்வொருவரையும் நிறுத்தி இதையே சொல்வேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும்.